சர்க்கரை தானாகக் குறையும்போது: நீரிழிவும் சிறுநீரகமும் குடும்ப மருத்துவரும்

"டாக்டர், இப்பல்லாம் சுகர் ரொம்ப நல்லா இருக்கு. ஒரு மாத்திரையை நானே நிறுத்திட்டேன், அப்பவும் ஏறல."

அறுபதைத் தாண்டிய ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டே வந்து உட்காருகிறார். பதினெட்டு வருடச் சர்க்கரை நோய். எத்தனை மாத்திரை போட்டாலும் இருநூறுக்குக் கீழே இறங்காத வெறும் வயிற்றுச் சர்க்கரை, நான்கைந்து மாதங்களாக நூறு, நூற்றுப்பத்து என்று நிற்கிறது. அவருக்குச் சந்தோஷம். கூட வந்த மனைவிக்குத்தான் முகம் தெளியவில்லை. "ரெண்டு நாள் விடியக்காலைல வேர்த்து ஊத்தி, பேச்சே குழறிடுச்சு டாக்டர். சாயங்காலமானா காலும் வீங்குது" என்கிறார். அவர் கையில் ஒரு பை. மூன்று மருத்துவர்கள் வெவ்வேறு காலங்களில் எழுதிய மாத்திரைகள் அதற்குள் கலந்து கிடக்கின்றன.

எந்த ஊர்க் கிளினிக்கிலும் நடக்கக்கூடிய காட்சி இது. சர்க்கரையை மட்டும் பார்த்தால் நல்ல செய்தி. சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்த்தால் கவலைப்பட வேண்டிய செய்தி. உடலில் சுரக்கும் இன்சுலினானாலும் ஊசியில் ஏற்றும் இன்சுலினானாலும் அதில் கணிசமான பங்கை உடைத்து அகற்றுவது சிறுநீரகம்தான். அது நலிந்துபோனால் இன்சுலின் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். நேற்றுவரை பொருத்தமாக இருந்த அளவு இன்றைக்கு அதிகமாகிவிடும். சாப்பிடாத வேளையில் குளுக்கோஸைத் தயாரிப்பதில் கல்லீரலுக்குத் துணை நிற்பதும் சிறுநீரகம். அந்தத் துணையும் குறைகிறது. பசி மந்தமாகிறது. சிறுநீர் வழியே போக வேண்டிய சில மாத்திரைகள் உடம்பிலேயே தேங்குகின்றன. எல்லாம் சேர்ந்து சர்க்கரையைக் கீழே தள்ளுகின்றன. நீண்ட நாள் நோயாளிக்குக் காரணமே இல்லாமல் சர்க்கரை கட்டுப்பட ஆரம்பித்தால், பாராட்டுவதற்கு முன்னால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

இதை யார் கவனிப்பது? சிறுநீரக நிபுணரிடம் இவர் இன்னும் போகவில்லை. போகத் தோன்றவும் இல்லை. மாதாமாதம் ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரைச் சீட்டைப் புதுப்பித்துக் கொடுக்கும் குடும்ப மருத்துவரின் முன்னால்தான் இவர் உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரக நோய் வருகிறது. அத்தனை பேரையும் நிபுணர்களே பார்ப்பது எந்த நாட்டிலும் நடக்காத காரியம். பார்க்க வேண்டிய தேவையும் பெரும்பாலோருக்கு இல்லை. சிறுநீரகத்தைக் காக்கும் வேலையில் பெரும்பகுதி முதல்நிலை மருத்துவத்தில், அதுவும் நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தெரியாத ஆண்டுகளில், நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான எண்ணம்.

வடிகட்டி எப்படித் தேய்கிறது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டும் அலகுகள், இருக்கின்றன. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சிறிய உறுப்புகளுக்குள் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை அவை வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக விட்டுவிட்டு மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. வடியும் நீரோடு குளுக்கோஸும் வந்துவிடும். அதை வீணாக்காமல் மீட்பதற்கு நுண்குழாயின் தொடக்கத்திலேயே எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம் காத்திருக்கிறது. குளுக்கோஸில் 90 சதவீதத்தை அது சோடியத்தோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை கூடினால் இந்தப் புரதத்துக்கு வேலை கூடும். சோடியமும் கூடுதலாக உள்ளே போய்விடும். குழாயில் சற்றுத் தள்ளி, எவ்வளவு உப்பு வருகிறது என்று கவனித்துக்கொண்டிருக்கும் செல்கள், உப்பு குறைந்துவிட்டதைப் பார்த்து 'வடிகட்டல் போதவில்லை' என்று தப்புக்கணக்குப் போடுகின்றன. உடனே வடிகட்டிக்குள் ரத்தம் கொண்டுவரும் குழாய் விரிகிறது. வெளியே போகும் குழாயையோ ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் இறுக்கிப் பிடித்திருக்கிறது. வாசல் அகலம், வெளிவழி குறுகல். நடுவில் மாட்டிக்கொண்ட வடிகட்டி இரவு பகலாக அதிக அழுத்தத்தில் வேலை செய்கிறது.

இந்தக் கட்டத்தில் சோதித்தால் சிறுநீரகம் வழக்கத்தைவிட நன்றாகவே வேலை செய்வதுபோல் தெரியும். பிறகு, வருடங்கள் ஓட ஓட, வடிகட்டியின் சுவர் தடித்து, தப்பக் கூடாத அல்புமின் என்ற ரத்தப் புரதம் ஒழுக ஆரம்பித்து, கடைசியில் அந்த இடம் தழும்பாகிவிடும். இந்தத் தழும்பு முடிச்சுகளை கிம்மல்ஸ்டீல், வில்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1936-இலேயே நுண்ணோக்கியில் கண்டு விவரித்துவிட்டார்கள். எங்கே அழுத்தத்தைக் குறைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இவ்வளவும் நடக்கும்போது வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, சிறுநீர் நிறம்கூட மாறாது. கால் வீங்கி, வாய் கசந்து, மூச்சு வாங்கி வருபவரிடம் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான்.

1.1 என்பது யாருடைய 1.1?

கண்டுபிடிக்க இரண்டே சோதனைகள் போதும்: ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின். எங்கும் செய்யக்கூடிய எளிய சோதனைகள்தாம். ஆனால் முதலாவதைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள், இரண்டாவதைக் கேட்பதே இல்லை.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை அதிகமிருந்தால் அதிகம், குறைவாக இருந்தால் குறைவு. ஆய்வகத் தாளில் 1.1 என்று வந்தால் 'நார்மல்' என்று கடந்துவிடுகிறோம். அந்த 1.1 முப்பது வயது ஆணுடையது என்றால், இப்போது வழக்கிலுள்ள கணக்கீட்டின்படி அவருடைய வடிகட்டும் திறன், அதாவது இஜிஎஃப்ஆர், 90-க்கு மேல். அதே 1.1 எழுபது வயதுப் பெண்ணுடையது என்றால் 54 சொச்சம். ஒருவருக்கு நலமான சிறுநீரகம். இன்னொருவருக்கு மூன்றாம் நிலைச் சிறுநீரக நோயாக இருக்கலாம். தாளில் இருப்பது ஒரே எண். அதனால் கிரியேட்டினினை மட்டும் எழுதிவிட்டு விடும் ரிப்போர்ட்டை நான் முழுமையான ரிப்போர்ட்டாகவே நினைப்பதில்லை. வயதையும் பாலினத்தையும் சேர்த்து இஜிஎஃப்ஆர் கணக்கிட அரை நிமிடம் போதும். மிக மெலிந்தவர், கால் இழந்தவர், உடற்பயிற்சியால் தசை ஏற்றியவர் ஆகியோருக்கு இந்தக் கணக்கும் ஏமாற்றும். சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு சோதனை அப்போது கைகொடுக்கும்.

அடுத்தது சிறுநீர். குச்சியை நனைத்துப் பார்க்கும் பழைய சோதனை, புரதம் நிறைய ஒழுகினால்தான் நிறம் மாறும். ஆரம்பக் கசிவைப் பிடிக்க அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் வேண்டும். 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கும் சிரமமெல்லாம் இல்லை. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் கொஞ்சம் போதும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. 300-க்கு மேல் கடுமையான கசிவு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி, எகிறிய சர்க்கரை ஆகிய எல்லாமே இதைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாருக்கும் சிறுநீரக நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் அது நாள்பட்ட நோய்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பது ஏன் முக்கியம்? இஜிஎஃப்ஆர் 80, அல்புமின் 400 உள்ள ஒருவரையும், இஜிஎஃப்ஆர் 50, அல்புமின் 10 உள்ள இன்னொருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரியேட்டினினை மட்டும் பார்க்கிறவர் இரண்டாமவரைத்தான் நோயாளி என்பார். ஆபத்து அதிகம் முதலாமவருக்குத்தான். சிறுநீர்ச் சோதனை கேட்காமல் விட்டால் அவர் நம் கண்ணிலேயே படமாட்டார்.

டைப் 2 நீரிழிவு என்றால் நோய் தெரிந்த அன்றே இந்த இரண்டு சோதனைகளும் செய்ய வேண்டும். டைப் 1 என்றால் 5 ஆண்டுகள் கழித்துத் தொடங்கலாம். அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை, கசிவோ சரிவோ இருந்தால் இன்னும் அடிக்கடி. கண்ணின் விழித்திரைப் பரிசோதனையும் இதோடு சேரும். விழித்திரை முற்றிலும் சுத்தமாக இருக்க, சிறுநீரகம் மட்டும் வேகமாகக் கெடுகிறது என்றால், அல்லது சிறுநீரில் ரத்தம் வருகிறது என்றால், பழியைச் சர்க்கரை மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. வேறு சிறுநீரக நோய் ஒளிந்திருக்கலாம்.

மாத்திரையை நிறுத்தும் அவசரம்

சிறுநீரகத்தைக் காக்க மருந்து உண்டு என்று முதன்முதலில் உறுதியாகத் தெரிந்தது 1993-இல். டைப் 1 நோயாளிகளிடம் கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை சிறுநீரகச் சரிவைத் தள்ளிப்போட்டது. 2001-இல் லோசார்ட்டான், இர்பிசார்ட்டான் ஆகிய மருந்துகள் டைப் 2 நோயாளிகளிடம் அதையே செய்து காட்டின. ஆஞ்சியோடென்சினின் பிடியைத் தளர்த்தி, வடிகட்டியிலிருந்து வெளியே போகும் குழாயை விரிப்பதுதான் இவை செய்யும் வேலை. வெளிவழி அகன்றால் உள்ளழுத்தம் குறைகிறது.

அழுத்தம் குறைந்தால் வடிகட்டும் வேகமும் சற்றுக் குறையும். இங்கேதான் தவறு நடக்கிறது. ஒருவருக்கு லோசார்ட்டான் தொடங்கி இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கிரியேட்டினின் 1.2 இருந்தது 1.4 ஆகியிருக்கும். நோயாளி பதறுவார். பக்கத்து வீட்டில் யாராவது 'இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்' என்பார்கள். வேறொரு மருத்துவர் அதை நிறுத்திவிடுவார். அடுத்த ரிப்போர்ட்டில் 1.2 வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. சிறுநீரகத்தைக் காத்துக்கொண்டிருந்த மருந்து அன்றோடு போய்விடும், திரும்ப வராது. தொடங்கிய 4 வாரங்களுக்குள் கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் மருந்தைத் தொடரலாம் என்பதுதான் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி. 1.2-இலிருந்து 1.4 என்பது 17 சதவீதம்கூட முழுதாக இல்லை. அதற்கு மேல் ஏறினால்தான் உடலில் நீர் வற்றியிருக்கிறதா, வலி மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா, சிறுநீரகத் தமனி சுருங்கியிருக்கிறதா என்று தேட வேண்டும். தொடங்கும்போதே 'ரெண்டு வாரத்துல ஒரு பிளட் டெஸ்ட் பார்ப்போம், எண் கொஞ்சம் ஏறும், பயப்படாதீங்க' என்று சொல்லிவைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பொட்டாசியம் ஏறுவதும் இப்படித்தான். 5.6 என்று பார்த்ததும் மருந்தை வெட்டுவதற்கு முன்னால், ஏற்றியது எது என்று கேட்க வேண்டும். உப்புக்கு மாற்று என்று விற்கும் பல பொடிகளில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் டிரைமெத்தோப்ரிம் பொட்டாசியத்தை ஏற்றும். வலி மாத்திரையும் ஏற்றும். இவற்றை விலக்கி, தேவைப்பட்டால் நீர் பிரிக்கும் மாத்திரையோ பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் மருந்தோ சேர்த்தால் பல நேரம் நல்ல மருந்தைக் காப்பாற்றிவிடலாம். மிக அதிகமாக ஏறினாலோ ஈசிஜியில் மாற்றம் தெரிந்தாலோ அது அவசரம். உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: கேப்டோப்ரில் வகையையும் லோசார்ட்டான் வகையையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது, கெடுதல்தான் அதிகம். கர்ப்பத்தில் இரண்டுமே கூடாது.

ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து

1835-இல் ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து புளோரிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை போவது பிறகு தெரிந்தது. ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்குப் பின் அதன் வழியில் பிறந்தவைதாம் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகள். நாம் முன்பு பார்த்த எஸ்ஜிஎல்டி2 புரதத்தை இவை அடைக்கின்றன. குளுக்கோஸும் சோடியமும் கீழே போகின்றன. உப்பைக் கவனிக்கும் செல்கள் ஆறுதலடைகின்றன. விரிந்திருந்த உள்வாசல் குறுகுகிறது. ஒரு மருந்து வெளிவழியைத் திறக்க, இன்னொன்று உள்வழியைச் சுருக்குகிறது.

சர்க்கரைக்காகக் கண்டுபிடித்த மருந்து சிறுநீரகத்தைக் காத்த கதை பெரிய ஆய்வுகளில் நிரூபணமானது. 2019-இல் வெளிவந்த கிரெடென்ஸ் ஆய்வில் 4,401 பேர்; சிறுநீரகச் செயலிழப்பு, கிரியேட்டினின் இரட்டிப்பாதல், சிறுநீரகத்தாலோ இதய நோயாலோ வரும் மரணம் ஆகியவை சேர்ந்த ஆபத்து 30 சதவீதம் குறைந்தது. 2020-இல் டாபா–சிகேடி ஆய்வில் 39 சதவீதம். அதில் நீரிழிவே இல்லாத சிறுநீரக நோயாளிகளும் இருந்தார்கள். அவர்களுக்கும் பலன் கிடைத்தது. எம்பா–கிட்னி ஆய்வு 6,609 பேரிடம் அதையே உறுதிசெய்தது.

இதிலிருந்து முதல்நிலை மருத்துவர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. இஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் இந்த மாத்திரைகளால் சர்க்கரை பெரிதாகக் குறையாது. வடிகட்டுவதே குறைந்துவிட்டபோது வெளியேற்ற எவ்வளவு குளுக்கோஸ் இருக்கும்? 'இது போட்டும் சுகர் இறங்கல, நிறுத்திடலாம்' என்று முடிவெடுத்தால் தவறான அளவுகோலால் அளக்கிறோம். சிறுநீரகமும் இதயமும் பெறும் பலன் அப்போதும் தொடர்கிறது. கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் 2022 வழிகாட்டுதல், இஜிஎஃப்ஆர் 20 வரை இதைத் தொடங்கலாம் என்கிறது. தொடங்கியபின் அதற்குக் கீழே இறங்கினாலும் டயாலிசிஸ் வரை தொடரலாம்.

சொல்லிக் கொடுக்காமல் எழுதக் கூடாத மருந்தும் இதுதான். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும். வெட்கப்பட்டு யாரும் சொல்லமாட்டார்கள். பேசாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். முதல் நாளே சுத்தத்தைப் பற்றிச் சொல்லி, 'அரிப்பு வந்தா கூச்சப்படாம சொல்லுங்க, சுலபமாச் சரிபண்ணலாம்' என்று கதவைத் திறந்துவைக்க வேண்டும். அரிதான, ஆனால் ஆபத்தான இன்னொன்று கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன்கள் சேர்ந்து ரத்தம் அமிலமாவது. சாப்பிடாமல் இருக்கும்போதும் அறுவை சிகிச்சை நேரத்திலும் வரும். சர்க்கரை அதிகமில்லாமலேயே வரும் என்பதால் ஏமாந்துவிடுவோம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் என்று வந்தால் கீட்டோன் பார்க்க வேண்டும். திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு 3 நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். எர்டுகிளிஃப்ளோசின் என்றால் 4 நாள். இன்சுலின் போடுகிறவர், மாத்திரை தொடங்கியதும் இன்சுலினை முழுதாக நிறுத்திவிடக் கூடாது.

இவற்றுக்குப் பிறகும் அல்புமின் ஒழுகினால் ஃபினெரினோன் என்ற மாத்திரை இருக்கிறது. பொட்டாசியத்தைக் கண்காணிக்க வழி இருந்தால் மட்டும். 2024-இல் வெளிவந்த ஃப்ளோ ஆய்வில் வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட் ஊசி, 3,533 பேரிடம் சிறுநீரக ஆபத்தை 24 சதவீதம் குறைத்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை மறந்துவிட வேண்டாம். இந்த நோயாளிகளில் மிகப் பலர் டயாலிசிஸ் நிலைக்குப் போவதற்கு முன்பே இதய நோயால்தான் இறக்கிறார்கள்.

சர்க்கரைக்கு இனி எது?

மெட்ஃபார்மினைப் பற்றி இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. 'கிட்னி பிராப்ளம்' என்ற சொல்லைக் கேட்டதுமே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இஜிஎஃப்ஆர் 22 ஆன பிறகும் காலை மாலை ஆயிரம் ஆயிரமாகத் தொடர்கிறவர்களும் உண்டு. கணக்கு எளிது. 45-க்கு மேல் தரலாம். 30-க்கும் 45-க்கும் இடையில் பாதி அளவு, அதாவது நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மிகாமல்; அந்த நிலையில் புதிதாகத் தொடங்க வேண்டாம். 30-க்குக் கீழே நிறுத்திவிட வேண்டும். பல வருடம் எடுப்பவர்களுக்குப் பி12 குறையும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

நான் மிகவும் அஞ்சும் மாத்திரை கிளிபென்கிளமைடு. கல்லீரலில் சிதைந்த பிறகும் அதன் துண்டுகள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் அவற்றை வெளியேற்றாவிட்டால் அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் தாழ்சர்க்கரை வரும். குளுக்கோஸ் ஏற்றி எழுப்பிவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் இரவில் மறுபடியும் மயங்குவார்கள். அப்படி வந்தவரைக் குறைந்தது ஒரு நாளாவது கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். கிளிபென்கிளமைடு சேர்ந்த சல்ஃபோனைல்யூரியா வகை தேவைப்பட்டே ஆக வேண்டுமென்றால் கிளிபிசைடு, கிளிக்லசைடு பரவாயில்லை. லினாகிளிப்டின் என்ற சர்க்கரை மாத்திரைக்குச் சிறுநீரகத்தைப் பார்த்து அளவைக் குறைக்கும் தேவையில்லை. சிட்டாகிளிப்டின் என்றால் பாதி, பிறகு கால் என்று குறைக்க வேண்டும். இன்சுலினுக்கு அட்டவணை கிடையாது: இஜிஎஃப்ஆர் சரியச் சரியக் குறைத்து, வீட்டுக் குளுக்கோமீட்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எவ்வளவு இருக்கலாம்? கேடிகோ ஒரே எண்ணைச் சொல்வதில்லை. ஆளைப் பொறுத்து 6.5-க்குக் கீழிருந்து 8-க்குக் கீழ்வரை என்று இடம் விடுகிறது. அது சரியென்றே எனக்குப் படுகிறது. 2008-இல் அக்கார்டு ஆய்வு 10,251 பேரிடம் எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர விரட்டிப் பார்த்தது. விரட்டிய பிரிவில் மரணம் கூடியதால் அந்தப் பகுதியை முன்கூட்டியே நிறுத்தினார்கள். தனியாக வசிக்கும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு தாழ்சர்க்கரை, ஒரு இடுப்பெலும்பு முறிவாகவே முடியலாம். எச்பிஏ1சி எண்ணையும் கண்ணை மூடி நம்ப முடியாது. சிறுநீரக நோயில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவு. ரத்தசோகைக்கு எரித்ரோபொய்ட்டின் ஊசியோ ரத்தமோ ஏற்றியிருந்தால் எண் பொய்யாகக் குறைந்து தெரியும். இரும்புச்சத்துக் குறைவில் பொய்யாக ஏறும். இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனபின் விரல்நுனிச் சோதனையோ தோலில் ஒட்டும் சென்சாரோ சொல்வதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பையைக் கொட்டிப் பார்ப்பது

முதல்நிலை மருத்துவரால் முடிந்து, நிபுணரால் பெரும்பாலும் முடியாத ஒன்று இருக்கிறது: நோயாளி கொண்டுவந்த பையை மேசைமேல் கொட்டி ஒவ்வொரு அட்டையாகப் பார்ப்பது. பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் எந்தப் புதிய மருந்தையும்விடப் பெரிய காரியம் செய்துவிடும். ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இருக்கும். முழங்கால் வலிக்கு யாரோ எழுதிய டைக்ளோஃபெனாக், தீரத்தீரக் கடையில் வாங்கி ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். லோசார்ட்டான், நீர் பிரிக்கும் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்தால் வடிகட்டிக்கு வேண்டிய அழுத்தத்தை எல்லாப் பக்கமிருந்தும் குறைத்துவிடுகிறோம். வலிக்குப் பாரசிட்டமால், மேலே தடவும் மருந்து, உடற்பயிற்சி என்று மாற்று சொல்லாமல் 'வலி மாத்திரை எடுக்காதீங்க' என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, வலி உண்மையானது.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து தண்ணீர்கூடத் தங்காத நாட்களுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிடலாம். மெட்ஃபார்மின், கிளிஃப்ளோசின் வகை, நீர் மாத்திரை, லோசார்ட்டான் வகை ஆகியவற்றை அந்த ஒன்றிரண்டு நாள் நிறுத்தி, சரியாகச் சாப்பிடத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்தில் திரும்பத் தொடங்க வேண்டும். இரண்டாவது பாதியை எழுத மறக்கவே கூடாது. நிறுத்தச் சொன்னது நினைவிருக்கும். தொடங்கச் சொன்னது மறந்துபோகும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், அதற்கும் கீழே குறைத்துப் பட்டினி போட வேண்டியதில்லை. பொட்டாசியம் ஏறாதவருக்குப் பழம், காய்களைத் தடைசெய்யும் நீண்ட பட்டியல் தேவையே இல்லை. ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே. தாங்கக்கூடியவருக்கு இன்னும் கீழே. புகைப்பதை விட வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்க வேண்டும். சிறுநீரகமும் கெட்ட சர்க்கரை நோயாளிக்குக் காலை இழக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

இப்படி எல்லாவற்றையும் ஒருங்கே பிடித்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு டென்மார்க்கின் ஸ்டெனோ–2 ஆய்வு சான்று. சிறுநீரில் அல்புமின் கசிந்த 160 சர்க்கரை நோயாளிகள். பாதிப் பேருக்குச் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு, உணவு, நடை, புகை அத்தனையையும் சுமார் 8 ஆண்டுகள் தீவிரமாகக் கவனித்தார்கள். 21 ஆண்டுகளுக்குப் பிறகு கணக்கெடுத்தபோது அந்தப் பிரிவினர் ஏறக்குறைய 8 ஆண்டுகள் அதிகம் வாழ்ந்திருந்தார்கள். இப்போதுள்ள மருந்துகளில் பாதி அன்றைக்கு இல்லை.

நிபுணரிடம் எப்போது?

இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால், கடும் கசிவு மருந்துக்கு அடங்காவிட்டால், வருடத்துக்கு 5 புள்ளிக்கு மேல் சரிந்தால், காரணம் சர்க்கரைதானா என்ற சந்தேகம் வந்தால் அனுப்ப வேண்டும். வயது, பாலினம், இஜிஎஃப்ஆர், அல்புமின் ஆகிய நான்கை வைத்து அடுத்த 5 ஆண்டில் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பைச் சொல்லும் கணக்கு 2011-இல் கனடாவிலிருந்து வந்தது. 3 முதல் 5 சதவீதத்தைத் தாண்டினால் நிபுணரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. தாமதமாகப் போகிறவர் கழுத்தில் அவசரக் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்குகிறார். முன்கூட்டியே போகிறவருக்குக் டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா வைக்கவும், ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடவும், தானம் தர யாராவது இருக்கிறார்களா என்று வீட்டில் பேசவும், டயாலிசிஸே வேண்டாம் என்று நிதானமாக முடிவெடுக்கவும்கூட அவகாசம் இருக்கும். அனுப்பிய பிறகும் குடும்ப மருத்துவரின் பொறுப்பு தீராது. ஃபிஸ்டுலாவுக்கு வேண்டிய கையில் ரத்தம் எடுக்காமல் பார்த்துக்கொள்வதுகூட அவர் வேலைதான்.

ஆரம்பத்தில் வந்தவருக்கு ரிப்போர்ட் வந்தது. இஜிஎஃப்ஆர் 27. அல்புமின் 640. பையிலிருந்து கிளிபென்கிளமைடும் மெட்ஃபார்மினும் டைக்ளோஃபெனாக்கும் மேசையின் ஒரு ஓரத்துக்குப் போயின. கிரியேட்டினின் ஏறியது என்று ஒன்றரை வருடம் முன்பு நிறுத்தப்பட்ட லோசார்ட்டான், பொட்டாசியம் 4.6 என்று பார்த்தபின் குறைந்த அளவில் திரும்ப வந்தது. அது நிலைத்ததும் டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரைக்கு இப்போதைக்கு லினாகிளிப்டின் மட்டும். சிறுநீரக மருத்துவருக்கு ஒரு கடிதம்.

"அப்ப சுகர் திரும்பவும் ஏறிடுமே டாக்டர்?"

"கொஞ்சம் ஏறினாப் பரவாயில்ல. விடியக்காலைல வேர்க்கிறது முதல்ல நிக்கணும்."

மனைவி புதிய பட்டியலை வாங்கி, மேசை ஓரத்தில் கிடந்த மூன்று அட்டைகளைக் காட்டி, "இதெல்லாம் இங்கேயே இருக்கட்டும்" என்றார். இரண்டு வாரம் கழித்து வரும் செவ்வாய்க்கிழமைக்கு ரத்தப் பரிசோதனை எழுதப்பட்டது.